காதுப் பரீட்சைக்கார காந்தா

சந்திரகாந்தாவுக்குக் கோபம் வந்தால் மனுஷரைத் திட்ட மாட்டாள், மெஷினைத்தான் திட்டுவாள். அதையும் பேர் வைத்துத்தான் திட்டுவாள். மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாபிர் நானாவின் கொம்யூனிகேஷன் கடையில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தது. ஒன்று, சுவிட்சைப் போட்டுவிட்டுப் பிளேன்டி குடித்துவிட்டு வந்தாலும் எழும்பியிருக்காது. அதற்கு மாப்பிள்ளை என்று பேர். இன்னொன்று நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும், அது மாமியார். மூன்றாவது ஒழுங்காக வேலை செய்யும். ஒழுங்காக வேலை செய்கிறதுக்கு யார் பேர் வைப்பது? அதை வெறுமனே 'அது' என்பாள்.

கடை லாபிர் நானாவுடையது என்றாலும் கடையை ஓட்டியது காந்தாதான். மேமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஓ.எல். பாஸ் பண்ணி, கண்டிக்குப் போய் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள். டோஹாவில் இருக்கிற புருஷனோடு பேச வருகிற பெண்களுக்கு லைன் போட்டுக் கொடுப்பாள், சிங்களத்தில் கடிதம் அடிப்பாள், போட்டோக் கொப்பி எடுப்பாள். வாய் மட்டும் ஓயாது. "இந்தப் புள்ளைக்குப் பேட்டரி எங்க இருக்குன்னு தெரிஞ்சாக் கழட்டி வச்சிருவேன்" என்று லாபிர் நானா தலையில் அடித்துக்கொள்வார். கழட்டினால் அவர் கடை ஒரு நாள் ஓடாது, அது அவருக்கும் தெரியும்.

காந்தாவின் புருஷன் அழகமுத்து பலாபத்வலையில் த்ரீவீல் ஓட்டினான். பெண்டாட்டி பேசுகிறதில் பத்தில் ஒரு பங்கு பேசுவானா என்றால் சந்தேகம்தான். ஒரே பிள்ளை நிரோஷினி, நிரோ. வருகிற ஜனவரியில் முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வயது. காந்தாவின் வயிற்றில் நெருப்பைக் கட்டியது அந்த ஜனவரிதான்.

நிரோவுக்கு மூன்று வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. மருந்து விட்டு ஆறினது. பேச்சு மட்டும் கொஞ்சம் குழைந்து குழைந்து வந்தது. நர்சரி டீச்சர் சொன்னதாலே காது கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினதும் நிரோ வீறிட்டாள் பாருங்கள், அந்த அறைக்கு வெளியே வரிசையில் இருந்த கிழவர்களுக்கெல்லாம் காது திறந்திருக்கும்! மறுபடி மாட்டவே விடவில்லை. டொக்டர் நோனா நல்ல மனுஷி. அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சிங்களத்தில் நாய், பூனை என்று சொல்லி, படத்தைக் காட்டச் சொன்னார். நிரோ அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிங்களச் சொல் தெரியாமல் இருக்கிறாளா, காது கேட்காமல் இருக்கிறாளா, எனக்குச் சொல்ல வழியில்லை" என்று டொக்டர் நேராகவே சொன்னார். "உங்கள் தமிழில் என்னிடம் ஒரு பரீட்சையும் கிடையாது. கொஞ்சம்தான் கேட்கவில்லை என்றால் காதுக்கு மெஷின் போட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்க்கலாம். நிறையக் கேட்கவில்லை என்றால் காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கூடம்தான். டிசம்பர் கடைசியில் கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்போது முடிவெடுப்போம்."

அந்த விடுதி எங்கேயோ கடலோரத்தில் இருந்தது. போனால் பெருநாள் லீவுக்குத்தான் வர முடியும். காந்தா திரும்பி வருகிற வழியெல்லாம் த்ரீவீலின் பின்சீட்டில் இருந்து சண்டை பிடித்துக்கொண்டே வந்தாள். "எம்புள்ளைக்குக் கேக்கும். நான் கூப்பிட்டாத் திரும்புறா, திங்கப் பாண் வேணுமான்னு கேட்டாத் தலையாட்டுறா. செவிட்டுப் புள்ளையா இதெல்லாம் செய்யும்? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!" அழகமுத்து ஹோர்ன் அடித்தான். அதுதான் அவன் சொன்ன வார்த்தை.

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். வடக்கில் யுத்தம் நடக்க, ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, ஆட்களை இறக்கி, ஐடென்டிட்டி பார்க்கிற காலம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளை இப்போதைக்கு வராதே என்று பெற்றவர்களே தடுக்கிற காலம். லாபிர் நானாவின் தங்கச்சி மகள் மஸூதா மெல்பேர்னில் காது சம்பந்தமான படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவளையும் அவளுடைய உம்மா அழுது அழுது வரவிடாமல் வைத்திருந்தார். மஸூதா ஒரு நாள் கடைக்குப் போன் பண்ணினாள்.

"மாமா, மலைநாட்டுத் தமிழ்ல ஒரு காதுப் பரீட்சை செய்றேன். ஹட்டன் பக்கத்துப் புள்ளையொண்டு இங்க படிக்குது, அதை வச்சுத்தான் குரல் பதிஞ்சேன். எனக்கு வர ஏலாது. இன்டர்நெட்டால அனுப்புறேன். ஆட்கள் உங்கட கடையில ஹெட்போன் போட்டு உட்கார்ந்து கேட்டா எனக்கு இங்க பதில் வந்திரும்."

லாபிர் நானாவுக்குப் பாதி விளங்கவில்லை. ரிசீவரைக் காந்தாவின் கையில் கொடுத்துவிட்டார்.

மஸூதா விவரமாகச் சொன்னாள். இப்படிப் பரீட்சை வைப்பதற்கென்றே இன்டர்நெட்டில் தளங்கள் இருக்கின்றன. அதில் மூன்றைப் பொறுக்கி வைத்திருக்கிறாள். மெல்பேர்னில் மூன்றும் தேர் மாதிரி ஓடுகிறது, மாத்தளை லைனில் எது ஓடும் என்று அங்கேயிருந்து சொல்ல முடியாது. "நீங்கதான் மூணையும் போட்டுப் பார்த்து ஒண்டத் தெரிவு செஞ்சு சொல்லணும் அக்கா. முதல்ல பெரியவங்க செய்யணும். காது நல்லா உள்ளவங்களுக்கு எவ்வளவு கேக்குதுன்னு ஒரு அளவு கிடைச்சாத்தான் அதை வச்சுச் சின்னப் புள்ளைங்கட பகுதியைச் செய்யலாம்."

காந்தாவுக்கு மேலே ஒன்றும் காதில் ஏறவில்லை. "மிஸ், சின்னப் புள்ளைங்க பகுதின்னா... நம்ம தமிழ்லயா?"

"நம்மட தமிழ்லதான்."

"டிசம்பர் கடைசிக்கு முந்தி முடியுமா?"

"பெரியவங்கட பகுதி சரியா முடிஞ்சா முடியும்."

போனை வைத்துவிட்டு காந்தா மாமியாரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "எந்திரிடி. வேலை வந்திருச்சு."

முதல் தளத்துக்கு அவள் வைத்த பேர் சீமாட்டி. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் கேட்கிற கேள்வி கொஞ்சநஞ்சமில்லை. அதை இறக்கு, இதைப் புதுப்பி, உன் கம்ப்யூட்டர் பழசு என்று மூக்கைச் சுளித்தது. தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒரு வழியாகத் திறந்தால், ஹட்டன் பிள்ளை 'தேங்' என்று தொடங்கி, லைன் அறுந்து, நேரம் கழித்து 'காய்' என்று முடித்தாள்.

இரண்டாவது கஞ்சன். அது சத்தத்தை நெருக்கிப் பிழிந்து குட்டியாக்கி அனுப்புகிறதாம். சீக்கிரமாக வந்தது, அறுக்கவில்லை. ஆனால் ஹட்டன் பிள்ளை கிணற்றுக்குள் விழுந்து பேசுவது போல் இருந்தது. மஸூதாவிடம் சொன்னதும், "ஐயோ வேணாம் அக்கா, சத்தத்தைப் பிழிஞ்சா காதுல பிழையா சத்தத்துல பிழையான்னே தெரியாது" என்று தள்ளிவிட்டாள்.

மூன்றாவது அப்பாவி. அலங்காரம் கிடையாது. தொடங்குவதற்கு முன்னாலேயே எல்லாச் சத்தத்தையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளும், பிறகு லைன் போனாலும் கவலையில்லை. எழுத்துக் கிடையாது, நாலு படம் வரும். பின்னால் சந்தை இரைச்சலும் முன்னால் ஹட்டன் பிள்ளையின் குரலும் கேட்கும். அவள் குடை என்றால் குடைப் படத்தை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் தோது.

எந்தத் தளமானாலும் தொடக்கத்தில் மஸூதா ஒரு பொறி வைத்திருந்தாள். மூன்று ரீங்காரம் கேட்கும், எது ஆகச் சின்னச் சத்தம் என்று சொல்ல வேண்டும். ஹெட்போனில் கேட்டால் ஒரு பதிலும், ஸ்பீக்கரில் கேட்டால் வேறு பதிலும் வருகிற மாதிரிச் செய்திருந்தாள், ஏமாற்றுகிற ஆள் தானாக மாட்டிக்கொள்வான். முதலில் மாட்டிக்கொண்டது லாபிர் நானா. தொப்பியைக் கழற்ற மனமில்லாமல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, பிழை பிழை என்று வரவும், "இந்தப் பொட்டி பச்சைப் பொய் சொல்லுது!" என்று சத்தம் போட்டார். காந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவியே போதும் என்று அன்றைக்கே மஸூதாவுக்குச் சொல்லியும் விட்டாள்.

இரண்டாம் நாளே யாரோ பொலிஸில் போய் ஓதிவிட்டார்கள், பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் தமிழ் ஆட்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ரகசியமாக என்னவோ கேட்கிறார்கள் என்று. ஒரு கான்ஸ்டபிள் வந்து வாசலில் நின்றான். லாபிர் நானா கணக்குப் புத்தகத்தை விரித்து அதற்குள் குனிந்துகொண்டார். காந்தாவுக்கும் பயம்தான், காலமே அப்படி. ஆனால் பயம் வந்தால் அவளுக்கு வாய் இன்னும் வேகமாக ஓடும். சிங்களத்தில் பிடித்தாள் பாருங்கள்! வாங்க சேர், உட்காருங்க சேர், இது காதுப் பரீட்சை, ஒரு டொக்டர் மிஸ் வைக்கிறது, சேருடைய காதையும் ஒரு முறை பார்த்துவிடலாமே. அவன் யோசிப்பதற்குள் ஹெட்போன் அவன் தலையில் ஏறிவிட்டது.

மூன்று ரீங்காரம். எது சின்னது? அவன் கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டு அமுக்கினான். எல்லாம் சரி. "பாஸா?" என்றான். "ஃபர்ஸ்ட் கிளாஸ் சேர்" என்றாள் காந்தா. அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனான். மறுநாள் இன்னொரு கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு வந்து, இவனுக்கு மேலதிகாரி கூப்பிடுவது மட்டும் கேட்பதில்லை, அதற்கு ஏதும் பரீட்சை இருக்கிறதா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மேமலைத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கூட்டிக்கொண்டு வந்தவள் காத்தாயி. காந்தாவுக்குப் பெரியம்மா மகள், கொழுந்து எடுப்பதிலும் அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று அறிவதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. லயத்தில் ஒருத்திக்குச் சுளுக்கு என்றால் உருவி விடுவதும் காத்தாயி, ஒருத்தி வீட்டில் சண்டை என்றால் விலக்கி விடுவதும் காத்தாயி. அவளோடு இருளாண்டியும் வந்தார். தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷின் இரைச்சலுக்குப் பக்கத்தில் ஆயுசைக் கழித்தவர். பக்கத்தில் வெடி போட்டாலும் "யாரோ கூப்பிடுறாப்ல இருக்கே" என்பார்.

வந்தவர்கள் கோயிலுக்கு வருகிற மாதிரி தலைக்குப் பூ வைத்து, புதுச்சேலை உடுத்தி வந்திருந்தார்கள். கடை கலகலவென்றாகிவிட்டது. ஒரு ஹெட்போனை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் காதில் வைத்துக்கொண்டு தலையோடு தலை முட்டி உட்கார்ந்தார்கள். காந்தா பிரித்துப் பிரித்து உட்கார வைத்தாள். போன் லைன் கேட்டு வாசலில் ஆட்கள் நிற்க, அவர்களையும் பார்க்க வேண்டியிருந்தது. அவள் அங்கே ஒரு காலும் இங்கே ஒரு காலுமாய் ஓடி முடிப்பதற்குள் எல்லாரும் செய்து முடித்து, பஸ் ஸ்டாண்டில் ஐஸ் பழம் வாங்கித் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் மஸூதா எடுத்தாள். குரலே ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, எல்லாருமே நூற்றுக்கு நூறு."

"நம்ம ஆளுக காது அப்பிடி மிஸ்!"

"இருளாண்டின்னு வயசான ஒருவர் செஞ்சிருக்காரே... அவருக்கு நல்லாக் கேக்குமா?"

"பக்கத்துல வெடி போட்டாலும் கேக்காது மிஸ்" என்றாள் காந்தா. பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் மஸூதா மெதுவாகச் சொன்னாள். "இதை வச்சு எனக்கு அளவு எடுக்க ஏலாது அக்கா. திரும்பச் செய்யாட்டி சின்னப் புள்ளைங்கட பகுதி டிசம்பருக்கு வராது."

காந்தா அன்றைக்குக் கடையை நானாவிடம் போட்டுவிட்டு நேரே தோட்டத்துக்கு ஏறினாள். மனுஷரைத் திட்டாத காந்தா அன்று திட்டினாள். காத்தாயி கூடையை இறக்கிவைத்துவிட்டு, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னாள்:

"ஆமா, நாந்தான் சொல்லிக் குடுத்தேன். என் பொட்டியில கோழின்னு கேட்டுச்சு, பக்கத்துப் பொட்டியிலயும் கோழிதான். இருளாண்டி மாமா முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, அவரப் பாத்துக்கிட்டே நான் மட்டும் அமுக்கிட்டுப் போறதா? என்னா மனுசி நானு? முதுகுல ஒரு குத்துக் குத்துனா மாட்டை அமுக்கணும், ரெண்டு குத்துனா கோழி. அவரு கரெக்டாப் புடிச்சிக்கிட்டாரு."

எல்லாருக்கும் ஒரே வரிசையில் சத்தத்தைப் போட்டது அந்த அப்பாவித் தளம்தான். காந்தா அதைக் கவனிக்கவேயில்லை. லைன் அறுகிறதா, எழுத்துத் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்தவளுக்கு, கேட்கிற ஆட்கள் யார் என்பது நினைவுக்கு வரவில்லை. லயத்தில் ஒரு காது என்பது ஒரு ஆளுடைய காது கிடையாது என்பதை அங்கேயே பிறந்தவள் மறந்துவிட்டாள்.

இறங்கி வரும்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நிரோ வலது காதைச் சுவரோடு ஒட்டி, முதுகைக் காட்டி உட்கார்ந்து பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். "நிரோ" என்றாள் காந்தா. பிள்ளை திரும்பவில்லை. "நிரோ!" அப்போதும் இல்லை. அழகமுத்து பழக்கதோஷத்தில் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினான். நிரோ திரும்பி, அம்மாவின் வாயைப் பார்த்துச் சிரித்தாள்.

இத்தனை நாளும் அவன் தட்டியிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி கை காட்டியிருக்கிறாள். காந்தா தானே முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டிப் பேசியிருக்கிறாள். பாண் வேணுமா என்று கேட்கும்போது கையில் பாண் இருந்தது! இருளாண்டி மாமா முதுகில் காத்தாயி குத்தியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? காந்தா கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்குக் கேட்குமா, கேட்காதா, அவளுக்கே தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே மஸூதாவைக் கூப்பிட்டாள். "ஆளுக்கு ஆள் சத்தத்தை மாத்திப் போடுற தளம் எது மிஸ்?"

"மூண்டுல சீமாட்டி ஒண்டுதான் கலைச்சுப் போடும். உங்கட லைன்ல அது ஓடாதே."

"ஓட வைக்கிறேன். எழுத்த எடுத்துட்டுப் படமாப் போட்டுத் தாங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

காந்தா சீமாட்டியை வழிக்குக் கொண்டுவந்த கதையை லாபிர் நானா பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். விடிந்தும் விடியாமல் ஊர் லைனில் கூட்டமில்லாத நேரத்தில் வந்து, மூன்று கம்ப்யூட்டரிலும் சீமாட்டியைத் திறந்து, சத்தமெல்லாம் இறங்கும்வரை காவல் இருப்பாள். இறங்கியதும் அந்தப் பக்கத்தை மூடாமல் அப்படியே விட்டுவிடுவாள், ஆட்கள் வந்து உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான். ஒரே இடைஞ்சல், கரண்ட் போனால் எல்லாம் போய்விடும். லாபிர் நானா பக்கத்துக் கடை ஜெனரேட்டரைக் கேட்டு வாங்கிப் பெருமையாக ஓட விட்டார். அது கடகடவென்று போட்ட சத்தத்தில் ஹட்டன் பிள்ளை என்ன, யானை பிளிறினாலும் கேட்டிருக்காது. அழகமுத்து ஒன்றும் சொல்லாமல் வெளியே போய், லொறி பேட்டரி இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து இன்வேர்ட்டர் வைத்து இணைத்துக் கொடுத்தான். சத்தமே இல்லாமல் வேலை செய்தது, அவனைப் போலவே.

மறுபடியும் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். இந்த முறை மூன்று கம்ப்யூட்டரும் மூன்று சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. காத்தாயிக்குக் கை சும்மா இருக்குமா? "கோழி!" என்று சொல்லிக் கொடுத்தாள். "என்னடி கோழி, எனக்குக் கொடையால்ல வருது?" என்றாள் மற்றவள். "எனக்குச் செருப்பு!" என்று மூன்றாவது மூலையிலிருந்து சத்தம் வந்தது. கடையே சிரிப்பில் அதிர்ந்தது. காத்தாயி திகைத்துப்போனாள். "அப்ப ஆளுக்கு ஆள் வேற வேறயா? இது என்னாடி அநியாயமான பொட்டி!" என்றவள், பிறகு தன் காதைத் தானே நம்பி உட்கார்ந்தாள்.

இருளாண்டியின் முறை வந்தது. படங்களைப் பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார். முதுகில் குத்த யாருமில்லை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எனக்குக் கேக்கல" என்று சத்தமாகச் சொன்னார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "ரொம்ப வருசமாக் கேக்கல. கூப்பிடும்போது சும்மா தலையாட்டுவேன். சொன்னா வேலையில வைக்க மாட்டாங்கன்னு பயம், அப்புறம் பழகிருச்சு." சொல்லிவிட்டு ஏதோ பெரிய சுமையை இறக்கிவைத்த மாதிரி சிரித்தார். காத்தாயி எழும்பிப் போய் அவருக்கு ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

மஸூதாவுக்கு அளவு கிடைத்தது. சொன்னபடி டிசம்பரில் சின்னப் பிள்ளைகளின் பகுதியும் வந்தது.

நிரோவைச் செய்ய வைப்பது பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். அங்கேதான் ஒரு ஆச்சரியம். இத்தனை நாளும் கடையில் பெரியவர்களெல்லாம் ஹெட்போனைப் போட்டுச் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து, "எனக்கு எப்ப?" என்று அவளே அரித்தெடுக்கத் தொடங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு லாபிர் நானா பள்ளிவாசலுக்குப் போகும்போது கடையைச் சாத்துவது வழக்கம், அந்த நேரம் கடைக்குள் அமைதியாக இருக்கும். அதையே குறித்தார்கள்.

மஸூதா ஒரு நிபந்தனை வைத்தாள். "அம்மா வெளியில நிக்கணும் அக்கா. அவ உங்கட முகத்தைப் பார்த்தா நாங்க உங்கட முகத்தைத்தான் பரீட்சிக்கிற மாதிரி. தெரியாத ஆளும் வேணாம், பயப்படுவா. பழகின ஆள் ஒருவர் பின்னால உட்காரட்டும், ஒரு சத்தமும் காட்டக் கூடாது."

நிரோவுக்குப் பழகின ஆள் என்றால் காத்தாயிதான். காத்தாயி வாயைத் திறக்காமல் இருப்பதா? காத்தாயி அன்று தோட்டத்தில் பேர் போடாமல், அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து, போ என்று காந்தாவுக்குக் கண்ணைக் காட்டினாள்.

காந்தா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அழகமுத்து த்ரீவீலில் சாய்ந்து நின்றான். "தம்புள்ள, கலேவெல, தம்புள்ள, கலேவெல!" என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு இழவும் கேட்கவில்லை. அவளுக்கு ஓடிப்போய்க் கதவைத் திறந்து, பிள்ளைக்கு முன்னால் நின்று, முகத்தைக் காட்டிவிட வேண்டும் போல் இருந்தது. கை கதவு வரைக்கும் போய்விட்டது. பிடித்து இழுத்துக்கொண்டாள். கடலோரத்து விடுதி, பெருநாள் லீவு, பிள்ளையின் சட்டைகளை மடித்து வைக்கிற பெட்டி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "மாரியாத்தா, கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி, என் புள்ள பயப்படாம இருக்கணும்" என்று முணுமுணுத்தாள்.

அப்போதுதான் உள்ளே இருந்து ஒரு சிரிப்பு வந்தது.

சின்னச் சிரிப்பு இல்லை. கண்டக்டர்களின் கத்தலையும் மீறி, கதவையும் தாண்டி, கெக்கெக்கே என்று அடக்க மாட்டாத சிரிப்பு. நிரோவுடையது. எதற்குச் சிரிக்கிறாள்? காத்தாயி ஏதும் கோமாளித்தனம் பண்ணிவிட்டாளா? காந்தாவுக்குப் பொறுக்கவில்லை. சிரிப்பு நின்றது. மறுபடியும் வந்தது.

கதவு திறந்ததும் காத்தாயி வாயிலிருந்து தலைப்பைப் பிடுங்கினாள். முகமெல்லாம் கண்ணீர். "நான் அசையல காந்தா. என் ஆத்தா மேல சத்தியம், மூச்சுகூட விடல. புள்ள பொட்டியப் பாத்துத்தான் சிரிச்சுச்சு. என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல."

நிரோ ஓடிவந்து காந்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, அம்மா! ஆனை சட்ட போட்டுக்கிட்டுக் கடைக்குப் போவுதாம்! கோழி பஸ்ஸு ஓட்டுதாம்! அந்த அக்கா சொல்லுச்சு!"

ஹட்டன் பிள்ளையின் முகம் திரையில் கிடையாது. வாய் கிடையாது, கை கிடையாது, தரையில் தட்டுகிற கால் கிடையாது. குரல் மட்டும்தான். அதைக் கேட்டு, விளங்கி, அது கோணங்கித்தனம் என்று தெரிந்துதான் பிள்ளை சிரித்திருக்கிறாள். காந்தா நடுரோட்டில் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். பஸ் கண்டக்டர் ஒருவன், "என்ன நங்கி, லொத்தர்ல பரிசு விழுந்திச்சா?" என்று கேட்டான்.

இடது காதில் கேட்கிறது நிறையக் குறைவு, வலது காதில் கொஞ்சம்தான் குறைவு என்று மஸூதா எழுதி அனுப்பினாள். டிசம்பர் கடைசியில் அதையும் கொண்டு அதே கிளினிக்குக்குப் போனார்கள். டொக்டர் நோனா வாசித்துவிட்டு, நான் என் மெஷினிலும் ஒரு முறை பார்க்கிறேன் என்றார். கண்ணாடி அறைக்குள் நிரோ தானே ஏறி உட்கார்ந்து, தானே ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, தொடங்கலாம் என்கிற மாதிரி டொக்டரைப் பார்த்தாள். டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்த்து முடித்து வெளியே வந்தவர், மஸூதா சொன்னது சரிதான் என்றார். காதுக்கு மெஷின் தருகிறேன், முன்வரிசையில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பள்ளிக்கூடமே போதும் என்றார். அந்தத் தமிழ்ப் பரீட்சை தனக்கும் வேண்டும், மஸூதாவின் நம்பரைத் தாருங்கள் என்றும் கேட்டார்.

பிறகு நிரோவின் கன்னத்தைத் தட்டி, காந்தாவிடம் கேட்டார்: "ஸ்கூல் பேக் வாங்கியாச்சா?"

பலாபத்வலைக் கடையில் பேக் தொங்குகிற பக்கம் காந்தா இரண்டு மாதமாகத் திரும்பிப் பார்த்ததில்லை. வாங்கிவிட்டு, பிள்ளை விடுதிக்குப் போய், அந்த பேக் வீட்டில் ஆணியில் தொங்கினால்? அந்தப் பயத்தை யாரிடமும் சொன்னதும் இல்லை.

"வாங்கிட்டேன்" என்றான் அழகமுத்து.

காந்தா திரும்பிப் பார்த்தாள். அவன் வெளியே போய், த்ரீவீலின் பின்சீட்டைத் தூக்கி, ஸ்பெயார் டயருக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்பு பேக்கை எடுத்துக்கொண்டு வந்தான். பொலித்தீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை, மேலே மட்டும் தூசு படிந்திருந்தது.

"எப்பங்க வாங்குனீங்க?"

"மொத தடவ இங்க வந்துட்டுப் போனோம்ல, அன்னைக்குச் சாயங்காலம்."